சனிக்கிழமை பழைய ரெக்கார்டு சந்தைக்குப் போகிறேன், தமிழ்த் தட்டுகளை எப்படிப் பார்த்து வாங்குவது?

ஈசூன்வாசி:
வணக்கம். இந்தச் சனிக்கிழமை பழைய ரெக்கார்டு சந்தை ஒன்று நடக்கிறது. அப்பாவுக்காகப் போகிறேன். தோ பாயோவிலிருந்து ஈசூனுக்கு வீடு மாறியபோது அவருடைய இசைத்தட்டுப் பெட்டி தொலைந்துபோனது. அதைப் பற்றி யாரையும் அவர் குறை சொன்னதில்லை. ஆனால் ஒலி 96.8 வானொலியில் பழைய பாட்டு வந்தால், "இது என்கிட்ட இருந்துச்சு" என்று மட்டும் சொல்வார். அவருக்கு முக்கியமாக வேண்டியது 'பிரியா'. 1978-இல் வந்த படம், இளையராஜா இசை, இங்கே சிங்கப்பூரிலேயே எடுத்தது. படப்பிடிப்பைப் பார்ப்பதற்காக வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் போனாராம்.

போன மாதம் ஒரு கடையில் 40 வெள்ளி கொடுத்து ஒரு பழைய எல்.பி. (பெரிய தட்டு) வாங்கினேன். அட்டை அவ்வளவு அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே வேறு படத்தின் தட்டு. அதிலும் இரண்டாவது பாட்டில் ஊசி ஒரே இடத்தில் சிக்கிச் சுற்றுகிறது. அப்பா "பரவாயில்லம்மா" என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இந்தத் தடவை கையில் 150 வெள்ளி இருக்கிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சுங்கைரோட்டுக்காரர்:
தங்கச்சி, அட்டையை விடுங்கள். முதலில் தட்டை வெளியே எடுங்கள். எடுத்துப் பார்க்க விடாதவரிடம் வாங்கவே வேண்டாம்.

விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டுப் பிடியுங்கள். கைபேசி விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தட்டை மெதுவாகத் திருப்புங்கள். நல்ல தட்டு நல்லெண்ணெய் தடவிய கருங்கல் மாதிரி மின்னும். சாம்பல் பூத்தாற்போல மங்கிக் கிடந்தால் தேய்ந்த ஊசியில் பல வருடம் ஓடியது, வைத்துவிடுங்கள். மயிரிழைக் கோடுகளுக்குப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் காதில் விழாது. நகத்தை வைத்தால் தட்டுப்படும் கீறல்தான் ஆபத்து. ஊசி ஓடும் வரிகளுக்குக் குறுக்கே போன கீறல் என்றால் சுற்றுக்கு ஒரு 'டிக்'. எல்.பி. ஓடும் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் 1.8 விநாடிக்கு ஒன்று என்று கேட்டுக்கொண்டே இருக்கும், ஆனாலும் பாட்டு நகர்ந்துவிடும். வரியோடு வரியாக நீளும் கீறல் அதைவிட மோசம். உங்கள் ஊசி சிக்குவது அப்படிப்பட்ட கீறலில்தான் இருக்கும்.

அடுத்து நடு ஓட்டை. அதைச் சுற்றி லேபிளின் மேல் சிலந்திக் கால் மாதிரி மெல்லிய கோடுகள் தெரிகிறதா பாருங்கள். ஓட்டையைக் கண்ணால் பார்க்காமல், தட்டைத் தடவித் தடவிப் பிளேயரின் நடுக் கம்பியில் மாட்டியவர்கள் விட்டுப்போன தடம் அது. கோடு கூடக் கூட, தட்டு அத்தனை முறை ஓடியிருக்கிறது என்று அர்த்தம். முப்பது வருடமாக வாங்குகிறேன், விற்பவர் வாயைவிட இந்த ஓட்டையைத்தான் நம்புகிறேன்.

உங்களுக்கு நடந்தது போல மாறாமல் இருக்க: லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவே இருக்கும் வெறும் பகுதியில் ஒரு எண் பொறித்திருக்கும். பெரும்பாலும் அதே எண் லேபிளிலும் அச்சாகியிருக்கும். இரண்டையும் ஒப்பிடுங்கள், பிறகு லேபிளை அட்டையோடு ஒப்பிடுங்கள். கடைசியாகத் தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி வளைவு பாருங்கள்.

'தமிழ்' என்று எழுதிய பெட்டியைத் தேடாதீர்கள். நான் போன சந்தைகளில் சித்தார், இந்திப் படம், பக்திப் பாடல் எல்லாம் ஒரே இந்தியப் பெட்டியில்தான் கிடக்கும், அதுவும் மேசைக்கு அடியில். குனிந்து கேளுங்கள். இங்கே பலர் 60-களின் மலாய் 'பாப் யே யே' தட்டுகளுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள், நம் தட்டுகள் அமைதியாகக் காத்திருக்கும். 2017 ஜூலை 10-இல் மூடப்படும்வரை சுங்கை ரோடு சந்தையிலும் இப்படித்தான். தரையில் விரித்த தார்ப்பாயில், துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டிக்கும் பழைய கடிகாரத்துக்கும் நடுவில் பி. சுசீலா கிடைப்பார். இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி. அந்த விலை இனி வராது.

7 அங்குல ஈ.பி.யையும் ஒதுக்காதீர்கள். அந்தக் காலத்துப் படப்பாட்டு அதில் நிறைய வந்தது. பக்கத்துக்கு இரண்டு பாட்டு, 45 வேகம். நான்கைந்து சேர்த்து எடுத்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

உட்லண்ட்ஸ் அக்கா:
அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மங்கிய தட்டெல்லாம் தேய்ந்த தட்டு இல்லை. நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பூஞ்சை பிடித்தாலும் மாவு தூவினாற்போல அப்படித்தான் தெரியும். மோந்து பாருங்கள், பூட்டிவைத்த அலமாரி வாடை வரும். திட்டுத் திட்டாக இருந்தால் பூஞ்சை, எல்லா வரியிலும் ஒரே சீராக மங்கியிருந்தால்தான் தேய்மானம். பூஞ்சை பிடித்ததை மற்றவர்கள் ஒதுக்கிவிடுவதால் நான் மலிவாக வாங்கிக் கழுவிக்கொள்கிறேன். காய்ச்சி வடித்த தண்ணீர் நான்கு பங்கு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, மென்மையான துணி, வரிகளின் போக்கிலேயே துடைக்க வேண்டும். லேபிள் நனையக் கூடாது. பழைய காகித உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது உறை போடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை திரும்ப வரும்.

எல்.பி.க்கு முந்தைய பழைய 78 வேகத் தட்டு கிடைத்தால் இந்த ஆல்கஹால் வேலை வேண்டவே வேண்டாம். அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும். எல்.பி. ஊசியையும் அதில் வைக்காதீர்கள், அதன் வரி அகலம், வேறு ஊசி வேண்டும்.

அப்பாவின் பிளேயரில் ஊசி மாற்றி எத்தனை வருடம் ஆகிறது, தம்பி? அதை முதலில் பாருங்கள். தேய்ந்த ஊசி நல்ல தட்டையும் கெடுத்துவிடும்.

ஈசூன்வாசி:
அக்கா, நான் தங்கச்சிதான் 🙂 ஊசியை அப்பாவிடம் கேட்டேன். "மாத்தினதா ஞாபகமே இல்ல" என்றார். முதல் வேலையாகப் புதிது வாங்கி மாட்டிவிட்டேன், 38 வெள்ளி.

நேற்றுப் போய் வந்தேன். அண்ணன் சொன்னபடியே இந்தியப் பெட்டி மேசைக்கு அடியில்தான் இருந்தது. முழங்கால் போட்டு முக்கால் மணி நேரம் தேடினேன். 'பிரியா' இல்லை. விற்பவர் என் எண்ணை வாங்கிக்கொண்டார், வந்தால் சொல்கிறாராம். இரண்டு எல்.பி.யும் மூன்று ஈ.பி.யும் எடுத்தேன், 75 கேட்டார், 60-க்குக் கொடுத்தார். விளக்கைச் சாய்த்துப் பார்த்ததில் நான்கை மறுபடி பெட்டியிலேயே வைத்துவிட்டேன். அதில் ஒன்றின் அட்டையை விட மனசே வரவில்லை, ஆனாலும் வைத்துவிட்டேன்.

ஒரு ஈ.பி.யின் உறையில் நீலப் பேனாவில் "அக்கா கல்யாணத்துக்கு வாங்கியது" என்று எழுதியிருக்கிறது. ஓட்டையைச் சுற்றி ஏகப்பட்ட கோடுகள். அண்ணன் சொன்ன கணக்குப்படி அதை எடுத்திருக்கக் கூடாது, தெரிந்துதான் எடுத்தேன். இரைச்சல் இருக்கிறது, நான்கு பாட்டும் ஓடுகிறது. அப்பா இரண்டாவது பக்கத்தை மூன்று தடவை போட்டார். ஒரு எல்.பி.யில் திட்டுத் திட்டாக வெள்ளை இருக்கிறது, மோந்து பார்த்தேன், அலமாரி வாடைதான். காய்ச்சி வடித்த தண்ணீர் மருந்துக் கடையில் கிடைக்குமா அக்கா?