நிக்காஹ் பத்திரிகைக்கு எந்த செரிஃப் (கோட்டு முனையில் குட்டிக் கால் வைத்த) எழுத்துரு?

கேள்வி (கீழக்கரை): கரும்பச்சை அட்டை, தங்க மை. மணமக்கள் பெயரை ஆங்கிலத்தில் போடோனி என்ற எழுத்துருவில் வைத்தேன். திரையில் கொள்ளை அழகு. ஸ்கிரீன் பிரிண்டிங் முடிந்து வந்தால், 'எச்' எழுத்து இரண்டு தூணாக நிற்கிறது. நடுக்கோட்டைக் காணோம்! நாற்பது அட்டை வீண். வேறு எது போடலாம்?

பதில் (மண்டபம்): போடோனி மேல் தப்பில்லை காக்கா (அண்ணா). 18ஆம் நூற்றாண்டில் வழவழப்பான தாளை மனதில் வைத்துச் செய்தது. சொரசொர அட்டையில் அதன் மயிரிழைக் கோடு தேறாது. இபி கரமாண்ட் போடுங்கள். இலவசம், கோடுகளின் தடிமன் அவ்வளவு ஏறி இறங்காது. தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு, மீடியம் தடிமனில். சின்ன அளவில் 'ணை'யின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், 11 பாயிண்டுக்குக் கீழே இறங்காதீர்கள்.

பதில் (பாம்பன்): படகுக்குப் பெயர் எழுதுகிறவன் நான். உப்புக்காற்றில் முதலில் உதிர்வதும் மெல்லிய கோடுதான். முழுப் பத்திரிகைக்கு முன் ஒரே ஒரு அட்டை அடித்துப் பாருங்கள்.

கீழக்கரை: கரமாண்டுக்கு மாற்றிவிட்டேன், நடுக்கோடு வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் எழுத்து இன்னும் பெரிதாக வேண்டுமாம். அது வேறு பஞ்சாயத்து.