ரிப்பன் ஆறு, மெடல் மூணு: அப்பாவோட டிஸ்சார்ஜ் புக்கை எப்படித் திருத்துறது?

போளூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா ஆர்மியில டிரைவரா இருந்தவர். 1964 ஜனவரியில சேர்ந்து 1981-ல ஹவில்தாரா பென்ஷன்ல வந்தார். இப்ப 80 நடக்குது. அவர் நம்பர், கோர், யூனிட் எதையும் இங்க போடல, தப்பா நெனைக்காதீங்க.

போன மாசம் வீட்டுக்கு வெள்ளையடிக்க பரண்ல இருந்த கறுப்பு ட்ரங்க் பெட்டியை இறக்கினோம். மூடியில வெள்ளை பெயின்ட்டால அவர் நம்பர் எழுதியிருக்கும், சின்ன வயசுல அதை வெச்சுத்தான் நாங்க எண் எழுதிப் பழகினோம். உள்ள ஒரு மஞ்சத்துணியில மூணு மெடல். அதுக்குக் கீழ சட்டைப் பாக்கெட்டுக்கு மேல குத்துற ரிப்பன் பட்டை. எண்ணிப் பாத்தா அதுல ஆறு ரிப்பன்.

"ஏம்பா, மெடல் மூணுதானே இருக்கு?"னு கேட்டேன். "மீதி அப்புறம் வரும்னாங்க"ன்னார். அம்பது வருஷமா வராத 'அப்புறம்'.

படையை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பாத்தேன். மெடல் எழுதுற கட்டத்துல ஊதா மையில மூணே வரி: ரக்ஷா மெடல், சைன்ய சேவா மெடல், 9 வருஷ லாங் சர்வீஸ் மெடல். 71 பாகிஸ்தான் சண்டையைப் பத்தி ஒரு எழுத்து இல்லை. ஆனா அப்பா 71 டிசம்பர்ல மேற்கு எல்லையில ஷகர்கர் செக்டார்ல குண்டு ஏத்துற வண்டி ஓட்டினவர். ராத்திரியில ஹெட்லைட் போடக் கூடாதாம். முன்னாடி போற வண்டியோட பின் அச்சு நடுவுல உருண்டையா இருக்கிற டிஃபரன்ஷியல்ல வெள்ளை பெயின்ட் அடிச்சு, அது மேல ஒரு சின்ன பல்ப் வெச்சிருப்பாங்களாம். அந்த வெள்ளை உருண்டையை மட்டும் பாத்துக்கிட்டே மணிக்கணக்கா ஓட்டணும். இந்தக் கதையை நாங்க நூறு தடவை கேட்டிருக்கோம். அப்படிப் போனப்பதான் ஒரு நாள் வண்டி பள்ளத்துல கவுந்து வலது தோள்பட்டை உடைஞ்சிருச்சு. சண்டை நிக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எம்.எச்.ல, அதான் மிலிட்டரி ஆஸ்பத்திரியில, சேர்த்துட்டாங்க. ரெண்டரை மாசம் கழிச்சு குணமானதும் வேற யூனிட்டுக்கு அனுப்பிட்டாங்க.

ஆர்மி ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு ரெண்டு லெட்டர் போட்டேன். ஒண்ணுக்குப் பதில் வந்துச்சு: மெடல் விவரங்கள் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடியே என்று. டிஸ்சார்ஜ் புக்குல விட்டுப்போச்சுன்னு எழுதினா, டிஸ்சார்ஜ் புக்கைப் பாருங்கன்னு பதில்!

பணத்துக்காகக் கேக்கல. 71 வெற்றி நாளான டிசம்பர் 16 அன்னைக்கு எங்க பக்கத்து முன்னாள் ராணுவத்தினர் எல்லாம் ஒரு இடத்துல கூடுவாங்க. அப்பா மெடல் எதையும் குத்தாம வெறும் சட்டையோட போவார். இத்தனை வருஷமா அதை அடக்கம்னு நெனச்சிட்டிருந்தேன். யாருக்கு எழுதணும், என்ன கேக்கணும், சொல்லுங்க.

ஜவான்மகன்:

அக்கா, இதுக்குப் போய் ஏன் அலையறீங்க. டெல்லி கன்டோன்மென்ட்ல கோபிநாத் பஜார்னு ஒரு இடம், எல்லா மெடலும் கடையிலயே கிடைக்கும். என் மாமா அங்கதான் வாங்கினார். ரிப்பன்தான் கையில இருக்கே, அதே மாதிரி மூணு வாங்கிக் குத்தி விடுங்க, அப்பா சந்தோஷப்படுவார். ஆபீஸ்ல எல்லாம் வேலை நடக்காது.

கார்பன்பேப்பர்:

தம்பி சொல்றதை மட்டும் செய்யாதீங்கம்மா. ஏற்கெனவே வாங்கின மெடல் தொலைஞ்சு போனவன் கடையில வாங்கிக் குத்தினா அது வேற. ரெக்கார்டுல ஏறாத மெடலைக் குத்திக்கிட்டு நின்னா, யாராவது ஒரு பழைய சுபேதார் கிட்ட வந்து "எந்த பார்ட் டூ ஆர்டர்?"னு கேட்டுட்டா உங்க அப்பா கூனிப் போயிடுவார். கடை மெடல்ல பேரும் இருக்காது. சர்க்கார் மெடல் கல்கத்தா டங்கசாலையில அடிச்சது. மெடலா இருந்தா ஓரத்துல, ஸ்டாரா இருந்தா பின்பக்கம், நம்பர், ரேங்க், பேரு வெட்டியிருக்கும். வீட்ல இருக்கிற மூணையும் ஓரத்தைத் திருப்பிப் பாருங்க, தெரியும்.

நான் கிளார்க்கா 28 வருஷம் ஓட்டினவன். இந்த மாதிரி கேஸ் எப்படி உண்டாகுதுன்னு சொல்றேன், ஏன்னா நானும் உண்டாக்கியிருக்கேன்.

சண்டை நடந்தது 1971 டிசம்பர் 3-லருந்து 17 வரைக்கும். ஆனா அந்தச் சண்டைக்கான பூர்வி (கிழக்கு) ஸ்டார், பஸ்சிமி (மேற்கு) ஸ்டார், சங்க்ராம் மெடல் எல்லாம் அறிவிச்சது 1973 ஜனவரியில. நடுவுல ஒரு வருஷம் ஓடிப்போச்சு. அதுக்குள்ள எத்தனை பேர் போஸ்டிங், எத்தனை பேர் டிஸ்சார்ஜ்! அப்புறம் ஒவ்வொரு யூனிட்டும் யாருக்கு என்ன மெடல்னு நாமினல் ரோல், அதாவது பேர்ப்பட்டியல், போட்டு அனுப்பணும். நாலு கார்பன் வெச்சு டைப் அடிப்போம், நாலாவது காப்பியில பேரே தெரியாது. கையில இருக்கிற ஆளுங்க பேரைத்தான் முதல்ல போடுவோம். ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கிருந்து வேற யூனிட்டுக்குப் போனவன் பேரை, பழைய யூனிட் "புது யூனிட் போடும்"னு விட்டுடும். புது யூனிட்டோ "அப்ப இவன் நம்மகிட்ட இல்லையே"ன்னு விட்டுடும். உங்க அப்பா விழுந்தது அந்த இடுக்குலதான்னு நெனைக்கிறேன்.

பேரு ரோல்ல இருந்தாதான் மெடலுக்கு பார்ட் டூ ஆர்டர், அதாவது அதைப் பதிவு பண்ற ஆபீஸ் உத்தரவு, வரும். அந்த ஆர்டர் நம்பர், தேதியோட ஷீட் ரோல்ல, அதாவது அவரோட மூல சர்வீஸ் பதிவுல, ஏறும். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஷீட் ரோலைப் பாத்து ஒரு கிளார்க் டிஸ்சார்ஜ் புக்கை எழுதுவான். அதாவது உங்க கையில இருக்கிறது நகல், அதுவும் சாயங்காலம் நாலு மணிக்கு அவசரத்துல எழுதின நகல். ஒண்ணு, ஷீட் ரோல்ல இருந்து புக்குல விட்டிருக்கலாம். இல்ல, ஷீட் ரோல்லயே ஏறாம இருக்கலாம். ரெண்டுக்கும் மருந்து வேற வேற. அதனால எடுத்தவுடனே "மெடல் கொடுங்க"னு எழுதாதீங்க. ஷீட் ரோல் நகலைக் கேளுங்க.

தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. பத்து ரூபா போஸ்டல் ஆர்டர், 30 நாள் கெடு. ஆனா மனுவில கையெழுத்து அப்பாதான் போடணும். நீங்க கேட்டீங்கன்னா, மூணாவது ஆளோட சொந்த விவரம்னு தட்டிக் கழிக்க அவனுக்கு வழி இருக்கு. கேள்வி ரெண்டே ரெண்டு இருக்கட்டும்: என் ஷீட் ரோலின் சான்றிட்ட நகல், எனக்கு வழங்கப்பட்ட எல்லா மெடல்களின் பார்ட் டூ ஆர்டர் நம்பரும் தேதியும். கதை எழுதாதீங்க. நம்பருக்குக் கடைசியில ஒரு இங்கிலீஷ் எழுத்து இருந்தா அதையும் சேர்த்து எழுதுங்க.

இன்னொண்ணு. 1972 ஆகஸ்ட் 15 அன்னைக்குப் படையில இருந்த எல்லாருக்கும் சுதந்திர வெள்ளிவிழா மெடல் உண்டு. எங்க இருந்தான், சண்டை போட்டானானு கேள்வியே கிடையாது. அதுவே உங்க அப்பா புக்குல இல்லைன்னா, தப்பு அவர்மேல இல்லை, எழுதினவன்மேலன்னு அந்த ஒரு வரியே காட்டிக்கொடுத்துடும். ரிப்பன்ல நாலாவது அதுவா இருக்கும்னு பந்தயம் கட்டுவேன்.

ரிப்பன் பட்டை, போட்டோ இதெல்லாம் சாட்சி ஆகாதும்மா. எந்த ரெஜிமென்ட் பஜார்லயும் ரிப்பன் முழம் போட்டு விப்பான்.

காயம் எதிரி குண்டாலயா, வண்டி கவுந்ததாலயா? குண்டுன்னா ஊண்ட் மெடல்னு ஒண்ணு தனியா இருக்கு.

போளூர்க்காரி:

ஐயா, உங்களுக்குக் கோடி புண்ணியம். மெடல் ஓரத்தைப் பாத்தேன். பூதக்கண்ணாடி வெச்சாதான் தெரியுது, ஆனா நம்பர் இருக்கு. அப்பா கையில கொடுத்தேன், கட்டை விரலால தடவியே நம்பரைச் சொல்லிட்டார்.

வண்டி கவுந்ததாலதான். அப்பாவும் அதையேதான் சொன்னார், "நான் குண்டடி பட்டேன்னு எங்கயும் எழுதிடாத"ன்னு. ஆனா பெட்டியில அடிப்பக்கம் ஒட்டியிருந்த பேப்பருக்கடியில ஆஸ்பத்திரி சீட்டு ஒண்ணு கிடைச்சுது. நாலா மடிச்ச இடம் கிழிஞ்சிருக்கு. சேர்த்த தேதி 15 டிசம்பர் 1971. அப்பாவோட பழைய யூனிட் பேரும் அதுல இருக்கு. இது உதவுமா?

கார்பன்பேப்பர்:

உதவுமாவா! ரிப்பன் சாட்சி ஆகாதுன்னேன், இது ஆகும். சண்டை நடந்துக்கிட்டிருந்த தேதியில, எந்த யூனிட்லருந்து, எந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்னு மூணும் ஒரே சீட்டுல இருக்கு. பஸ்சிமி ஸ்டாருக்கு மேற்குப் போர்முனையில இருந்தாப் போதும், அடி எப்படிப் பட்டுதுன்னு கேள்வி இல்லை. வண்டி கவுந்ததுக்கு இன்ஜுரி ரிப்போர்ட் போட்டிருப்பாங்க, ஐ.ஏ.எஃப்.ஒய். 2006-னு ஃபாரம். தகவல் மனுவில மூணாவது கேள்வியா அதையும் சேருங்க. சீட்டை லேமினேட் பண்ணிடாதீங்க, தயவுசெஞ்சு! நல்லா ஸ்கேன் எடுத்துட்டு அப்படியே வைங்க.

டாலஸ்தமிழன்:

சம்பந்தமில்லாத ஊர்க்கதைதான், ஆனாலும் சொல்றேன். இங்க எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா கொரியா சண்டைக்குப் போனவர். 1973 ஜூலை 12-ல செயின்ட் லூயிஸ் ரெக்கார்ட் ஆபீஸ்ல தீப்பிடிச்சு ஒன்றரைக் கோடிக்கு மேல ஃபைல் போச்சு, அவரோடதும் அதுல போச்சு. மிஞ்சின சம்பள வவுச்சர், யூனிட்டோட தினசரி ரிப்போர்ட், இதையெல்லாம் வெச்சு மறுபடி கட்டினாங்க. இங்க டிஸ்சார்ஜ் பேப்பருக்கு டி.டி. 214-னு பேரு. அதுல மெடல் விட்டுப்போச்சுன்னா 214-ஐ அழிச்சு எழுத மாட்டாங்க, டி.டி. 215-னு திருத்தச் சீட்டு ஒண்ணு தனியா தருவாங்க. நம்ம ஊர்ல புக்குலயே எழுதித் தருவாங்களா?

கார்பன்பேப்பர்:

நம்ம ஊர்ல புக்கைத் தபால்ல அனுப்பச் சொல்லுவாங்க. புது பார்ட் டூ ஆர்டர் போட்டு, புக்குல ஏத்தி, சீல் வெச்சுத் திருப்பி அனுப்புவாங்க. அனுப்புறதுக்கு முன்னாடி எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கணும், வெத்துப் பக்கம் உட்பட. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல ஒரு கவரிங் லெட்டரும் வாங்கி மேல வைங்க. தனி ஆள் கடிதம் ட்ரேயில அடியில போகும், அந்த லெட்டர் இருந்தா வரவுப் பதிவுல டைரி நம்பர் விழும்.

ஃபைல் அழிஞ்சிருச்சுன்னு சொன்னாலும் பயப்படாதீங்க. பென்ஷன் இல்லாம வந்தவங்க ஃபைலைத்தான் 25 வருஷத்துல அழிப்பாங்க. பென்ஷன்காரர் ஃபைல் அவ்வளவு சீக்கிரம் போகாது. அப்படியே போனாலும் லாங் ரோல்னு பேர்ப் பதிவேடு ஒண்ணு எப்பவும் இருக்கும்.

போளூர்க்காரி:

மூணு மாசம் கழிச்சு வர்றேன். ஷீட் ரோல் நகல் வந்துடுச்சு. ஐயா பந்தயம் ஜெயிச்சிட்டார். வெள்ளிவிழா மெடலும் சங்க்ராம் மெடலும் ஷீட் ரோல்ல பார்ட் டூ ஆர்டர் நம்பரோட ஏறியிருக்கு. புக்கை எழுதினவர் பக்கத்தைத் திருப்பாம விட்டுட்டார் போல. பஸ்சிமி ஸ்டார் மட்டும் எங்கயும் இல்லை. இன்ஜுரி ரிப்போர்ட் நகலும் வந்துது. அதுல இடம் சம்பா பக்கம்னு எழுதியிருக்கு, அதுவும் மேற்குப் போர்முனைதான். அந்த நகல், ஆஸ்பத்திரி சீட்டு, மனு, நல அலுவலக லெட்டர், எல்லாத்தையும் சேர்த்து டிஸ்சார்ஜ் புக்கோட அனுப்பினோம்.

நேத்து பதில் வந்துச்சு. ரெண்டு மெடலையும் புக்குல ஏத்தறாங்க. பஸ்சிமி ஸ்டாருக்குப் பழைய யூனிட்கிட்ட கேட்டிருக்காங்களாம். நகல் ஒண்ணு எங்களுக்கும் போட்டிருக்காங்க.

அப்பாகிட்ட லெட்டரைப் படிச்சுக் காட்டினேன். ஆனா அதுல அப்பா பேரை தப்பா அடிச்சிருக்காங்க, ஒரு எழுத்து அதிகமா. மெடல்லயும் இப்படியே வெட்டிடுவாங்களேன்னு நான் பதறினா, அவர் லெட்டரை வாங்கிக் கண்ணுகிட்ட வெச்சு நம்பரை மட்டும் ரெண்டு தடவை சரி பாத்தார். "நம்பர் சரியா இருக்கு"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார்.

ஐயா, பேருக்குத் தனியா எழுதணுமா, இல்ல இதே மனுவுலயே சேர்த்துக்கலாமா?

கார்பன்பேப்பர்:

தனியா எழுதுங்க, இன்னைக்கே எழுதுங்க. மெடல்ல வெட்டினதுக்கு அப்புறம்னா அது இன்னொரு ரெண்டு வருஷம். பென்ஷன் ஆர்டர்ல பேரு எப்படி இருக்கோ அப்படியே எழுதச் சொல்லி, அந்த ஆர்டர் (பி.பி.ஓ.) நகல் ஒண்ணு வைங்க. கையெழுத்து அப்பாதான்.