அறைக்குள் டிரோன்: ‘டிரிஃப்ட்’ என்பதற்கு எந்தச் சொல்?

அன்பின் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் படப்பிடிப்புப் பயிற்சிக் கையேட்டின் நான்காம் பாடம், அதாவது மண்டபங்களுக்கும் வீடுகளுக்கும் உள்ளே டிரோனை வைத்துப் படம் எடுப்பது பற்றிய பாடம், வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்றக் கலைச்சொற்களுக்குத் தமிழ் ஒருவாறு முடிந்துவிட்டது. ‘டிரோன்’ என்பதை அப்படியே வைத்துக்கொள்வதென்று போன மாதமே ஒப்புக்கொண்டோம். ‘வண்டு’ என்ற சொல்லை முன்மொழிந்தவன் நான்தான். இலங்கைப் போரின்போது வன்னியில் தலைக்கு மேல் சுற்றிய ஆளில்லா வேவு விமானத்துக்கு மக்கள் இட்ட பெயர் அது என்றும், அதைக் கேட்டால் தம் தாயார் இன்றும் வானத்தை அண்ணாந்து பார்ப்பார் என்றும் மண்டபம் ஊரின் அகதி முகாமில் வளர்ந்த சகோதரி எழுதிய அன்றே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். எஞ்சியிருப்பது ‘டிரிஃப்ட்’ ஒன்றுதான். நாம் விரலை அசைக்காதபோதும் டிரோன் நின்ற இடத்தை விட்டு மெல்ல ஒரு பக்கமாகப் போகிறதே, அதற்கு என்ன பெயர்?

நம் இராமநாதபுரம் வட்டாரத்தில் இந்தச் சொல்லுக்குத் தேவை அதிகம். உச்சிப்புளியில் 2009 முதல் கடற்படையின் ‘பருந்து’ வானூர்தித் தளம் இயங்கிவருகிறது. முன் அனுமதி இல்லாமல் வெளியே பறக்கவிட முடியாது. அனுமதி கிடைத்தாலும் கடற்காற்று விடுவதில்லை. ஆகவே எங்கள் மாணவர்கள் பழகுவதெல்லாம் கூரைக்குக் கீழேதான். 250 கிராமுக்கு உட்பட்ட, இறக்கைகளைச் சுற்றிக் காப்பு வளையம் பூட்டிய சிறிய டிரோன்களையே பயன்படுத்துகிறோம்.

சென்ற மாதம் இராமநாதபுரத்தில் ஒரு திருமண மண்டபத்தில் பயிற்சி நடந்தது. மணவறைக்கு முன்னால் டிரோனை ஆள் உயரத்தில் நிறுத்திவைக்க வேண்டும், மணமக்கள் நடந்து வரும்போது அவர்கள் முகத்தை விடாமல் பின்வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நிறுத்திய டிரோன் நிற்கவில்லை. இடப்பக்கமாகவே போய்ச் சீரியல் விளக்குச் சரத்தில் உரசியது. காப்பு வளையம் இருந்ததால் சரம் அறுபடாமல் தப்பியது. கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்திருக்கும் கரையில் பிறந்த பிள்ளைகள் அல்லவா, காற்றுதான் காரணம் என்று உடனே முடிவு கட்டினார்கள். மின்விசிறிகளை நிறுத்தினோம், சன்னல்களை அடைத்தோம். மறுபடியும் அதே பக்கம்தான் போயிற்று.

பிறகுதான் தரையைப் பார்த்தேன். கறுப்புக் கிரானைட், மேலே எரிந்த குழல்விளக்குகள் ஒவ்வொன்றும் அதில் நீளநீளமாகத் தெரிந்தன. கான்கிரீட் கூரைக்குக் கீழே ஜி.பி.எஸ். சரியாகக் கிடைப்பதில்லை என்பதால், டிரோன் தன் வயிற்றுப்பக்கம் உள்ள சிறு கேமராவால் தரையை இடைவிடாமல் படம் பிடித்து, முந்திய படத்தோடு அடுத்த படத்தை ஒப்பிட்டு, தான் நகர்ந்திருக்கிறதா இல்லையா என்று கண்டுகொள்கிறது. ஒரே நிறமாகப் பளபளக்கும் தரையில் ஒப்பிடுவதற்கு அடையாளம் ஏது? பந்திக்கூடத்திலிருந்து பச்சையும் சிவப்பும் கோடிட்ட ஓலைப்பாய் இரண்டைக் கொண்டுவந்து விரித்தோம். டிரோன் ஆணி அடித்தாற்போல் நின்றது. பாயைச் சுருட்டினோம், மறுபடியும் போயிற்று. அப்போது பாம்பனிலிருந்து வரும் மாணவர் ஒருவர், “நீவாட்டுல வள்ளம் இழுபடுற மாதிரில்ல இழுபடுது, சார்” என்றார். நீவாடு என்றால் எங்கள் கரையில் கடல் நீரோட்டம். நான் இன்று முன்வைக்கும் ‘இழுபாடு’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

இனி வந்த மடல்களுக்கு வருகிறேன்.

பரமக்குடித் தமிழாசிரியர் ஐயா ‘வளிவழிப்படல்’, அதாவது காற்றின் வழியே போதல், என்று ஆக்கித் தந்தார். புறநானூறு 192இல் வரும் “நீர்வழிப் படூஉம் புணைபோல்” என்பதிலிருந்து எடுத்தது. கேட்டவுடன் உள்ளம் சிலிர்த்தது. அதைப் பாடிய கணியன் பூங்குன்றனாரின் ஊராகச் சொல்லப்படும் மகிபாலன்பட்டி பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால், இது நம் மண்ணின் சொல் என்றும் ஐயா எழுதியிருந்தார். அதன்பின் ‘படூஉம்’ இன்னிசை அளபெடையா, செய்யுளிசை அளபெடையா என்று நான்கு மடல்கள் போயின. அவற்றை நான் விருப்பத்தோடுதான் படித்தேன். ஆனால் ‘வளி’ என்று பெயரிலேயே எழுதிவிட்டால், மாணவர் மண்டபத்தில் செய்த பிழையை நாமே பாடப்புத்தகத்தில் அச்சிட்டவர்களாவோம். காற்றாலும் டிரோன் நகரும். சிறிய அறையில் அதன் இறக்கை தள்ளிய காற்றே சுவரில் மோதித் திரும்பி வந்து அதை அலைக்கழிக்கும். தரை தெரியாததாலும் நகரும். சொல்லிலேயே காரணத்தை முடிவுசெய்து வைத்துவிட்டால் தரையைக் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. விளைவை மட்டும் சொல்லும் சொல்தான் எனக்கு வேண்டும். மிகவும் பிடித்திருந்தும் ‘நீவாடு’ என்பதையே நேராக எடுத்துக்கொள்ளாததற்கும் இதுவே காரணம். நீவாடு என்பது கடலின் ஓட்டம், வள்ளத்தின் நகர்வு அன்று.

‘நழுவல்’ போதும், எல்லோருக்கும் புரியும் என்று சென்னை நண்பர் எழுதினார். புரியும் என்பது உண்மை. ஆனால் படப்பிடிப்பில் கேமராவைத் தண்டவாளத்தில் வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தும் உத்திக்கு முதல் பாடத்திலேயே ‘நழுவல் நகர்வு’ என்று எழுதிவிட்டோம். அது நாம் வேண்டிச் செய்வது, இது வேண்டாமல் நேர்வது. இரண்டுக்கும் ஒரே பெயர் இட்டால் ஆசிரியர் “நழுவுகிறது” என்று கத்தும்போது, அது பாராட்டா எச்சரிக்கையா என்று மாணவருக்குத் தெரியாது.

‘பெயர்ச்சி’ என்பதைப் பள்ளி இயற்பியல் ‘இடப்பெயர்ச்சி’ என்று எடுத்துக்கொண்டுவிட்டது. ‘இழுவை’ என்பதை நான் கடுமையாகவே மறுக்கிறேன். காற்று எதிர்த்துத் தடுக்கும் விசைக்கு இதே கையேட்டில் அந்தச் சொல் தேவைப்படுகிறது. அதோடு, இராமேசுவரம் கரையில் இழுவை என்றால் விசைப்படகு இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடிதான், அதைச் சொன்னால் வகுப்பில் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். ‘இழுப்பு’ என்பதற்கு வலுவான சான்று உண்டு. மேல்நிலை இயற்பியல் நூலில் மின்னணுக்களைப் பற்றி ‘இழுப்புத் திசைவேகம்’ என்று படித்திருக்கிறோம். ஆனால் தனியே நிற்கும்போது ‘டிரோனுக்கு இழுப்பு வந்திருக்கிறது’ என்று எழுதினால் மூச்சிழுப்புதான் நினைவுக்கு வரும்.

‘இழுபாடு’ இந்தத் தொல்லைகளிலிருந்து விலகி நிற்கிறது. ‘படு’ முதனிலை திரிந்து ‘பாடு’ ஆவது வெளிப்பாடு, மேம்பாடு என்று நாம் நாள்தோறும் எழுதுவதுதான். இழுபடுகிறது, இழுபட்டது, இழுபடாமல் நிறுத்து என்று வினையாகவும் வளைகிறது. கரையில் ‘பாடு’ என்றால் வலையில் கிடைத்த மீன் அல்லவா என்று தொண்டி அம்மா கேட்டிருந்தார்கள். உண்மைதான், “இன்னைக்குப் பாடு எப்படி?” என்றுதான் எங்கள் தெருவிலும் கேட்பார்கள். ஆனால் அவர்களே கூப்பாடு, சாப்பாடு என்றும் பேசுகிறார்கள், ஒன்றையொன்று மயக்கிக்கொள்வதில்லை.

வியாழன் இரவு வரை காத்திருப்பேன்.

பரமக்குடி ஐயாவின் மறுமடல்:

அன்புடையீர், ‘வளி’ தேவையில்லை என்பதை ஏற்கிறேன். ஓலைப்பாய்ச் செய்தி என் வாதத்தை அந்த அளவில் உடைத்துவிட்டது. ஆனால் அதே செய்தி உங்கள் சொல்லையும் உடைக்கிறது என்பதைக் கருதிப் பாருங்கள். இழுபடுவதற்கு இழுப்பது ஒன்று வேண்டும். வள்ளத்தை நீவாடு இழுத்தது. கிரானைட் தரை எதையும் இழுக்கவில்லை. நிற்கும் இடம் அறியாத டிரோன் தானாகவே ஒரு வழியில் சென்றது. விளைவை மட்டும் சொல்ல வேண்டும் என்ற உங்கள் அளவுகோலை நீங்களே மீறியிருக்கிறீர்கள். ‘வழிப்படல்’ என்று மட்டும் நின்றால் காற்றும் இல்லை, இழுப்பவனும் இல்லை. பெரும்பான்மையோர் இழுபாட்டின் பக்கம் இருப்பதை அறிவேன். விவாதம் நீண்டு எல்லோரும் களைத்துவிட்டார்கள் என்பதையும் அறிவேன். என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன்.

என் பதில்:

ஐயாவுக்கு வணக்கம். இழுப்பவர் யாரென்று சொல்லாமல் விடும் செயப்பாட்டு வடிவம், “எது இழுத்தது?” என்ற கேள்வியை மாணவர் மனத்தில் எழுப்பும் என்பதே என் எண்ணம். ஆனாலும் உங்கள் மறுப்புக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. பக்கம் கட்டியாகிவிட்டதால் இந்தப் பதிப்பில் ‘இழுபாடு’ என்றும், முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘டிரிஃப்ட்’ என்றும் போகிறது. அடுத்த வகுப்பு அதே மண்டபத்தில்தான். இரண்டு சொற்களையும் பலகையில் எழுதிவிட்டு, பாய் விரிக்காமல் டிரோனை நிறுத்தச் சொல்கிறேன். அது நகரும்போது மாணவர் வாயில் எந்தச் சொல் வருகிறதோ, அதைக் குழுவுக்கு எழுதுகிறேன்.