ஜெர்மன் செஸ் வீரர் ராபர்ட் ஹூப்னர் ஏன் உலகப் பட்ட மேட்ச் வரை போகவில்லை? அவர் வேரியேஷன் என்ன?

கேள்வி (சிப்பாய்64): 1981 ஜூலை ரேட்டிங்கில் கார்ப்போவ், கோர்ச்னாய்க்கு அடுத்து ஹூப்னர்தான், 2640. நான்கு முறை கேண்டிடேட்ஸ் (உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் சுற்று) ஆடியும் பட்ட மேட்ச் கிடைக்கவில்லை. எங்கே தடுக்கியது? நிம்ஸோ-இந்தியன் என்ற தொடக்க ஆட்ட முறையில் அவர் பெயரில் உள்ள வேரியேஷனையும் விளக்குங்கள்.

கறுப்புக்கட்டம்: மிக அருகில் வந்தது இத்தாலியின் மெரானோவில், 1980-81 கேண்டிடேட்ஸ் இறுதிச்சுற்று. அடோர்யானையும் போர்டிஷையும் வென்றுவிட்டுத்தான் கோர்ச்னாயிடம் வந்தார். 3.5–2.5 என்று முன்னிலை. 7-ஆவது ஆட்டத்தில் எளிய இரட்டைத் தாக்குதலைப் பார்க்காமல் ரூக்கைப் பறிகொடுத்தார், 8-ஆவதும் தோல்வி. 9-ம் 10-ம் பாதியில் நிறுத்தி பிறகு தொடரலாம் என்று ஒத்திவைப்பில் நிற்கும்போதே விலகிவிட்டார். 16 ஆட்ட மேட்சில் ஒரு புள்ளி பின்தங்கல் பெரிய விஷயமே இல்லை! 1971 செவில்லிலும் இதே கதை: பெட்ரோசியனோடு ஆறு டிரா, ஏழாவதில் தோல்வி, உடனே விலகல். ஆட்டத்திறமையில் குறை சொல்ல முடியாது. தோல்விக்கு மறுநாள் திரும்ப உட்காருவதுதான் அவருக்கு முடியவில்லை. 1983 வெல்டன் மட்டும் வேறு: ஸ்மிஸ்லோவோடு 14 ஆட்டம் ஆடியும் 7–7, ரூலெட் சக்கரம் சுழற்றி ஸ்மிஸ்லோவை முன்னேற்றினார்கள். அநியாயம்.

நிம்ஸோபிரியன்: வேரியேஷன் இதுதான்: டி4, குதிரை எஃப்6, சி4, இ6, குதிரை சி3, பிஷப் பி4, இ3, சி5, பிஷப் டி3, குதிரை சி6, குதிரை எஃப்3. இப்போது ஏ3 வருமுன் கறுப்பே சி3-இல் வெட்டி, பி சிப்பாய் திரும்ப வெட்டியதும் டி6, பிறகு இ5. மையம் பூட்டிக்கொண்டால் வெள்ளையின் இரண்டு பிஷப்புக்கும் வழியில்லை. ஒரே வரிசையில் ஒன்றன் முன் ஒன்றாக நிற்கும் சி3, சி4 இரட்டைச் சிப்பாய்கள் கடைசிவரை சுமை.

வெள்ளை குதிரையை இ2-க்குக் கொண்டுவந்தால் வெட்டாதீர்கள். அந்தக் குதிரையே திரும்ப வெட்டும், இரட்டைச் சிப்பாய் உருவாகாது, பிஷப்பைக் கொடுத்ததுதான் மிச்சம்.

காஸ்லிங்கிலும் (ராஜாவை ரூக்கோடு சேர்த்து ஓரமாக நகர்த்துவது) அவசரம் வேண்டாம். வெள்ளையின் எஃப்4 எப்போது வரும் என்று தெரியும்வரை ராஜா நடுவில் இருக்கட்டும்.

கறுப்புக்கட்டம்: 1972 ரெய்க்யாவிக் உலகப் பட்ட மேட்சின் 5-ஆவது ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். வெள்ளையாக ஆடிய ஸ்பாஸ்கி 11-ஆவது நகர்வில் எஃப்4 தள்ளினார். அதை வெட்டி, பிஷப் திரும்ப வெட்டியதும் ஜி5 என்று இரண்டு காயைத் தாக்கத் தோன்றும். அப்போது வெள்ளை இ5 தள்ளும், டி3 பிஷப் திறந்துவிடும். கறுப்பாக ஆடிய ஃபிஷர் வெட்டாமல் குதிரையை இ7-இலிருந்து ஜி6-க்கு வைத்தார். குதிரைகள் மாறின, எஃப் சிப்பாயால் திரும்ப வெட்டினார், 27 நகர்வில் வென்றுவிட்டார்.