மறு: மறு: பழைய அலாய் சில்லு விற்பனைத் தாள், ‘ஆஃப்செட்’டுக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளி இரவு தாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், சனி காலை இங்கே ரொறன்ரோவில் வகுப்பு. பழைய சில்லு விற்பனைத் தாளில் ‘ஆஃப்செட்’டுக்குத் தமிழில் என்ன போடலாம் என்று கேட்டிருந்தேன், வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், இந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று கேட்ட நண்பருக்கு. இங்கே குளிர்காலத்துக்கு ஒரு தொகுதி, கோடைக்கு ஒரு தொகுதி என்று பலர் வைத்திருப்பதால் பழைய சில்லுகள் கைமாறிக்கொண்டே இருக்கும். என் மருமகனிடம் 1990ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா இருக்கிறது. அதன் சொந்தச் சில்லு 14 அங்குல விட்டம், 5.5 அங்குல அகலம், 100 மி.மீ. வட்டத்தில் நான்கு துளைகள், ஆஃப்செட் (சில்லின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் இடையிலான தூரம், மி.மீ. கணக்கில்) 45. எடை குறைந்த அலாய் சில்லு நான்கை ஒருவரிடம் வாங்கினான். துளை பொருந்தியது, விற்றவரும் எல்லாம் சரி என்றார். ஆனால் அவற்றின் ஆஃப்செட் 20. சில்லின் நடுக்கோடு 25 மி.மீ. வெளியே வந்து, வளைவுகளில் ரயர் மட்காட்டில் உரசிக் கிழிந்தது. அந்த எண் சில்லின் உட்புறத்தில் பொறித்துத்தான் இருந்தது, அது எதைச் சொல்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

> ஆஃப்செட் என்றே விட்டுவிடலாமே, எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே.

தெரிந்த சொல்தான், ஆனால் தமிழர்களுக்கு ஆஃப்செட் என்றால் அச்சகம். கலியாணக் கார்டு அடிக்கிற இடம். வகுப்புக்கு வரும் பெரியவர் ஒருவர் என்னிடம் அப்படியேதான் கேட்டார்.

> சில்லு வேண்டாம், சக்கரம் என்று எழுதுங்கள். சில்லு என்றால் கணினிக்குள் இருப்பது.

மதுரை நண்பரே, உங்களுக்குச் சிலிக்கான் சில்லு, எங்களுக்கு வண்டிச் சில்லு. யாழ்ப்பாணத்தில் சைக்கிளுக்கு இருப்பது சில்லுதான். தாளைப் படிக்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் ஈழத்தவர், அதனால் சில்லு இருக்கட்டும். அலாயும் அப்படித்தான்: நாங்கள் கலப்புலோகம் என்று படித்தோம், நீங்கள் உலோகக்கலவை என்று படித்தீர்கள். இரண்டுமே நல்ல சொற்கள், ஆனால் கடையில் இரண்டும் செல்லாது, அலாய் என்றே போடுகிறேன். இன்னொன்று, ‘நிறை’ என்ற சொல்லைத் தயவுசெய்து யாரும் முன்மொழிய வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது கிலோகிராமில் அளப்பது, இலங்கைப் பாடநூலில் நியூட்டனில் அளப்பது. ரேஸ் (Rays) என்ற ஜப்பானியச் சில்லு நிறுவனத்தின் டிஇ37 (TE37) சில்லுக்கு அந்தப் பெயர் வந்ததே 15 அங்குலச் சில்லொன்று 3.7 கிலோ இருந்ததால்தான். அதை ‘எடை’ என்று எழுதினால் போதும்.

பேராசிரியர் ஐயாவின் நீண்ட மடலை இரண்டு முறை படித்தேன். ஆர், குறடு, வட்டை என்று வண்டியின் உறுப்புகளை வரிசையாகச் சொல்லி, புறநானூறு 102இல் உமணர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிய சேம அச்சுக்குப் போனது மனதை நிறைத்தது. மேடும் பள்ளமும் எப்படி இருக்குமோ என்று உப்பு வண்டிக்காரர் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்! ஸ்பேர் வீலுக்குச் ‘சேமச்சில்லு’ என்று இன்றே எடுத்துக்கொள்கிறேன், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஆஃப்செட்டுக்கு நீங்கள் சொன்ன ‘ஆழிப்பிறழ்வு’ (ஆழி என்றால் சக்கரம்) வேண்டாம் ஐயா. பிறழ்வு என்றால் சில்லில் ஏதோ பழுது என்று வாங்குபவர் பயந்துவிடுவார்.

ஐயா சொன்ன இரண்டாவது சொல் ‘பதிவாழம்’ எனக்குப் பிடித்தது. சில்லில் ஆஃப்செட் எண்ணுக்கு முன்னால் ‘ET’ (இ.டி.) என்று பொறித்திருப்பது ஜெர்மன் சொல்லின் சுருக்கம், அழுத்திப் பதித்த ஆழம் என்று பொருள், ஆகவே மூலத்தோடு ஒட்டிய சொல். ஆனால் சென்னை அம்மா கேட்டது நியாயம்: கார் விற்பனைத் தாளில் ‘பதிவு’ என்று வந்தால் வாகனப் பதிவு என்றுதான் கண் வாசிக்கும்.

அப்புறம் ஆஃப்செட்டின் திசையை நேர் (+), மறை (−) என்று குறிக்கலாம் என்றவருக்கு: அதே தாளில் சில்லை இறுக்கும் ‘மரை’ வருகிறது. ஒரு வரியில் மறை, அடுத்த வரியில் மரை. யாராவது ஒருவர் நிச்சயம் குழம்புவார்.

என் முடிவு ‘உள்வாங்கல்’. குடத்தில் (வண்டியில் சில்லைப் பூட்டும் நடுப்பகுதியில்) பொருந்தும் முகம் நடுக்கோட்டிலிருந்து தெருப்பக்கம் தள்ளியிருந்தால் சில்லு வண்டிக்குள் வாங்கி நிற்கும், அது உள்வாங்கல். மறுபக்கம் என்றால் வெளித்தள்ளல். திசை சொல்லிலேயே இருக்கிறது, கூட்டல் கழித்தல் குறி தேவையில்லை. ஏழு பேர் சரி என்றிருக்கிறீர்கள், பாதிப்பேர் களைத்துப்போய்ச் சொன்னது போலத் தெரிகிறது. நான்கு பேர் பதிவாழத்திலேயே நிற்கிறார்கள், ஐயாவும் இன்று காலை மறுபடி எழுதியிருக்கிறார்: கடல்தான் உள்வாங்கும், சில்லு உள்வாங்காது என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தாளில் இப்படிப் போகிறது: “உள்வாங்கல்: 45 மி.மீ. (சில்லின் உட்புறம் ‘ET’ என்ற எழுத்துக்குப் பின்னால் பாருங்கள்).” அதன் கீழே ரயர் வயது: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

ஒன்று மட்டும் மீதி. ரயரில் தரையைத் தொடும் பக்கத்தில் உள்ள வெட்டை (அது தேய்ந்து ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்தால் ரயரை மாற்ற வேண்டும்) நாங்கள் தவாளிப்பு என்போம், தமிழ்நாட்டில் பட்டன் என்கிறார்கள். இரண்டு ஊருக்கும் புரிகிற சொல் இருந்தால் வெள்ளி மாலைக்குள் சொல்லுங்கள்.