மிஷெல் வீக்கு 2005-இல் கொடுத்த இடம் நியாயம்தானா?

செவன் அயர்ன்:
பெண்கள் கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான எல்பிஜிஏ சாம்பியன்ஷிப்பில், 2005 வரை அமெச்சூர்களுக்கு, அதாவது பரிசுப் பணம் வாங்காமல் ஆடுகிறவர்களுக்கு, இடமே கிடையாது. தொழில்முறை வீராங்கனைகளின் சொந்தப் போட்டி அது. அந்த வருஷம் விதியைத் திருத்தி, முன்னணி அமெச்சூர் ஒருவரை அழைக்கலாம் என்றார்கள். பெயர் போடவில்லையே தவிர, யாருக்காகத் திருத்தினார்கள் என்று ஊருக்கே தெரியும். ஹவாய்ப் பெண் மிஷெல் வீ, அப்போது 15 வயது. ஜெயித்த அன்னிகா சோரன்ஸ்டாமைவிட மூன்றே அடி (ஷாட்) கூடுதலாக அடித்து அவர் இரண்டாவதாக வந்ததும் எதிர்த்தவர்களும் அடங்கிவிட்டார்கள். நன்றாக ஆடிவிட்டார் என்பதற்காக, ஆடுவதற்கு முன்பே கொடுத்த சலுகை நியாயமாகிவிடுமா?

அதற்கு முந்தைய ஆண்டு யு.எஸ். மகளிர் ஓப்பனிலும் இதே கதை. 14 வயதில், தகுதிச் சுற்று ஆடாமல் நேரே உள்ளே. அதே போட்டிக்கு மோர்கன் பிரஸ்ஸல் 2001-இலும் லெக்ஸி தாம்ஸன் 2007-இலும் 12 வயதில் தகுதிச் சுற்று ஆடித்தான் வந்தார்கள். 2014-இல் லூசி லீக்கு 11 வயது, அவரும் அப்படித்தான். திறமை இருப்பவருக்கு வரிசையில் நிற்க என்ன கஷ்டம்?

மலர்விழி:
யு.எஸ். ஓப்பனுக்கு வரிசை இருந்தது, சரி. எல்பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் எந்த வரிசையில் போய் நிற்பது? அங்கே நுழைய முக்கியமான வழியே சம்பாதித்த பரிசுப் பணத்தின் கணக்குதான். பரிசுப் பணத்தைத் தொடவே கூடாத பெண்ணுக்கு அந்தக் கணக்கில் இடம் எங்கிருந்து வரும்? கதவு முழுக்கச் சாத்தியிருந்தது. ஒன்றைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

தெரியாத ஆளையும் கூப்பிடவில்லை. 2003-இல், 13 வயதில், கிராஃப்ட் நபிஸ்கோ என்ற மேஜரில் (ஆண்டின் மிகப் பெரிய சில போட்டிகளில் ஒன்று) மூன்றாம் சுற்றை 66 அடிகளில் முடித்து (அடி குறையக் குறைய நல்லது), ஒன்பதாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டவர். அந்த வாரம் ஆடிய எத்தனை தொழில்முறைக்காரர்கள் அவருக்குக் கீழே இருந்தார்கள் என்று பாருங்கள்.

பணமும் யாருக்கும் குறையவில்லை. அமெச்சூர் ஜெயித்தால் பரிசு அடுத்தவருக்குப் போகும். 2012-இல் லிடியா கோ 15 வயதில் கனடியன் ஓப்பனை ஜெயித்தார், முதல் பரிசு 3,00,000 டாலரை வாங்கிப் போனவர் இரண்டாவதாக வந்த இன்பீ பார்க்.

செவன் அயர்ன்:
இன்பீ பார்க்குக்குக் கிடைத்தது சரி. களத்துக்குள் இருந்தவர்களின் கணக்கையே சொல்கிறீர்கள். ஓர் இடம் குறைந்ததால் வெளியே நின்றாரே ஒருவர், அவரை எந்தக் கேமரா காட்டியது? பட்டியலின் வால்பகுதியில் இருப்பவருக்கு ஒரு வாரம் ஆடாமல் போனால் அடுத்த வருஷம் ஆடும் உரிமையான டூர் கார்டே போய்விடும். மட்டைப் பை தூக்கும் கேடிக்குக் கூலி, விமானம், தங்கும் செலவு எல்லாம் சொந்தப் பையிலிருந்து. அமெச்சூருக்கு அன்று தோற்றாலும் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருக்கிறது.

கடைசிக்குழி:
இரண்டு பேரும் மேஜரிலேயே நிற்கிறீர்கள். வாராந்தரத் தொடர்களுக்கு வாருங்கள். அங்கே ஸ்பான்சர் தன் விருப்பப்படி சிலரை அழைக்கலாம். பந்தி போடுகிறவர் நாலு இலையைத் தன் விருப்பப்படி போட்டுக்கொள்வதில் என்ன தப்பு? 2004 சோனி ஓப்பனில், ஆண்களோடு, 14 வயதில் வீ 72, 68 அடித்தார். ஒரே ஒரு அடியில் கட் தவறியது, அதாவது முதல் இரண்டு சுற்றுக்குப் பிறகு தொடர்ந்து ஆடுகிறவர்களில் இடம் கிடைக்கவில்லை. ஸ்பான்சர் அழைப்பு இல்லாவிட்டால் அந்த இரண்டு நாள் நடந்தே இருக்காது. டைகர் வுட்ஸ் 1992-இல் ரிவியேரா மைதானத்தில் ஆடியதும் அப்படித்தான், 16 வயதில். கட்டைத் தாண்டவில்லை, அதனால் யாருக்கு நஷ்டம்? ஜோர்டன் ஸ்பீத்தும் 16 வயதில் பைரன் நெல்சனில் 16-ஆவது இடம். நிக் டன்லப் 2024 ஜனவரியில் அழைப்பில் வந்து அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தொடரையே ஜெயித்தார். 1991-இல் மிக்கெல்சனுக்குப் பிறகு, ஆண்களின் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் ஜெயித்த முதல் அமெச்சூர்!

ரேகா_சி:
ஸ்பான்சர் விருப்பம் என்றால் 2025 நவம்பரில் டொனால்ட் ட்ரம்ப்பின் பேத்தி கை ட்ரம்ப்புக்கு எல்பிஜிஏ தொடர் ஒன்றில் கொடுத்த இடமும் சரியா? 83, 75, கடைசி இடம். தாத்தா பெயர் வேறாக இருந்தால் அந்த அழைப்பு வந்திருக்குமா?

கடைசிக்குழி:
வந்திருக்காது. கூட்டம் வந்தது, டிவியில் பேசினார்கள், ஸ்பான்சருக்கு வேண்டியதும் அதுதான். எனக்கு அதில் வருத்தமில்லை.

ரேகா_சி:
அப்படியானால் டன்லப்பையும் ஸ்பீத்தையும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். திறமைக்கு இடம் என்பது ஒரு வாதம், டிக்கெட் விற்க இடம் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் பேசினால் எப்படி?

சுப்பு மாமா:
குழந்தைகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லையே. டை டிரையன் என்று ஒரு பையன், 2001-இல் 17 வயதில் டூர் கார்டு வாங்கினான். அதன்பிறகுதான் டூர் 18 வயது என்று வரம்பே வைத்தது. பையன் நிலைக்கவில்லை. ஜஸ்டின் ரோஸ் 1998 பிரிட்டிஷ் ஓப்பனில் 17 வயதில் நாலாவது இடம். உடனே தொழில்முறைக்கு மாறி, வரிசையாக 21 தொடர்களில் கட் தவறியது. உள்ளே விடுவது சுலபம் தம்பி. அப்புறம் அந்தப் பிள்ளை தனியாகத்தான் சமாளிக்க வேண்டும்.

மலர்விழி:
மாமா, டிரையன் தகுதிச் சுற்றில் ஆடித்தான் கார்டு வாங்கினார், யாரும் சலுகை கொடுக்கவில்லை. ரோஸ் சறுக்கியது அமெச்சூராக ஆடியதால் இல்லை, அவசரமாகத் தொழில்முறைக்குப் போனதால். அதே ரோஸ் 2013-இல் யு.எஸ். ஓப்பனை ஜெயித்தார். வீயும் 2014-இல் யு.எஸ். மகளிர் ஓப்பனை. உங்கள் உதாரணங்கள் சிறப்பு அனுமதிக்கு எதிராக நிற்கவில்லை.

செவன் அயர்ன்:
எனக்கு எந்த அமெச்சூரும் உள்ளே வரக்கூடாது என்றில்லை. ஜெயித்து வரட்டும் என்கிறேன். குவான் தியான்லாங் 2012-இல் ஆசிய பசிபிக் அமெச்சூரை ஜெயித்து 2013-இல் மாஸ்டர்ஸ் என்ற மேஜருக்கு வந்தார், 14 வயது. மெதுவாக ஆடியதற்கு ஒரு அடி அபராதம் வாங்கியும் கட்டைத் தாண்டினார். அவர் வந்த வழியை யாராவது குறை சொன்னார்களா? இப்போது பிஜிஏ டூரில் அமெச்சூர்களுக்குப் புள்ளிகள் சேர்த்துக் கார்டு கொடுக்கும் முறையும் இருக்கிறது. லூக் கிளான்டன் 2025-இல் அப்படித்தான் வாங்கினார்.

மலர்விழி:
கிளான்டனைச் சொன்னதற்கு நன்றி. 2024-இல் ஜான் டியர் கிளாசிக்கில் இரண்டாவது இடத்தைப் பகிர்ந்தாரே, அந்த மாதிரி ஆட்டங்களும் அவருடைய புள்ளிக் கணக்கில் உண்டு. அந்த ஆண்டு அவர் ஆடிய டூர் தொடர்களில் பல ஸ்பான்சர் அழைப்பில் ஆடியவை. உங்கள் ஏணிக்கு முதல் படியே அந்த அழைப்புதான்.

செவன் அயர்ன்:
வாராந்தரத் தொடருக்கு அதை ஒத்துக்கொள்ளலாம், மேஜருக்கு முடியாது. அதுவும் கேட்டவருக்கெல்லாம் இல்லை. உலக அமெச்சூர் தரவரிசையில் முதல் 50-க்குள் இருந்தால்தான் அழைக்கலாம் என்று எழுதி வைக்கட்டும்.

ரேகா_சி:
50 அதிகம். முதல் 20 என்றால் கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசிக்குழி:
பணம் கட்டுகிற ஸ்பான்சரை யாராவது கேட்டீர்களா?