அசோசியேஷன் தெருவுக்குத் தார் ரோடு: மழைக்கு முன் எதற்குச் செலவு செய்வது?

லேஅவுட்_செயலாளர்:
எல்லோருக்கும் வணக்கம். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு லேஅவுட்டில் இந்த வருடம் அசோசியேஷன் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. உள்ளே நான்கு தெருக்கள், எல்லாமே 20 அடி தார் ரோடு, 2017இல் போட்டது. இப்போது கறுப்பு போய் சாம்பல் நிறமாகிவிட்டது. ஓரங்களில் சிறு ஜல்லி பெயர்ந்து குவிந்து கிடக்கிறது. நீளவாக்கில் விரிசல்கள் இருக்கின்றன. தண்ணீர் லாரி நிற்கும் சம்ப் பக்கம் மட்டும் மீன்வலை மாதிரி விரிசல் விட்டு, கொஞ்சம் அமுங்கியும் போய்விட்டது. இரண்டாவது தெருவில் ஒவ்வொரு ஐப்பசியிலும் குளம் கட்டுகிறது.

இரண்டு கொட்டேஷன் வந்திருக்கின்றன. ஒருவர் நான்கு தெருவுக்கும் மேலே கறுப்பு சீலர் அடித்துத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் இருப்பதன் மேலேயே ஒரு அங்குலம் புதுத் தார் போடலாம் என்கிறார். "வெயில்தான் ரோட்டைக் கெடுக்கிறது, அதனால் சீலர்" என்று கமிட்டியில் பாதிப்பேர் உறுதியாக இருக்கிறார்கள். கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும். இது ஆகஸ்ட், அக்டோபரில் மழை வந்துவிடும். எதைச் செய்வது?

படிக்கட்டு_போன_வீடு:
சார், இருப்பதன் மேலேயே போடுவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். எங்கள் தெருவில் அப்படித்தான் அடுக்கினார்கள். வாசலில் மூன்று படி இருந்த வீட்டில் இப்போது ஒரு படிதான். தெருத் தண்ணீர் நேராக போர்ட்டிகோவுக்கு வருகிறது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்துக்குப் போடுகிறாயா என்று கேளுங்கள். மில்லிங் மெஷின் என்றதும் பாதி ஆட்கள் போனை எடுக்க மாட்டார்கள்.

ஓய்வு_ஏஇ:
நெடுஞ்சாலைத் துறையில் ஏஇ (உதவிப் பொறியாளர்) ஆகக் கடலூர், நாகை பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செயலாளர் சார், இரண்டு கொட்டேஷனையும் ஓரமாக வையுங்கள்.

வெயில் ரோட்டைக் கெடுப்பது உண்மைதான். வெயிலும் காற்றும் பட்டுப் பட்டுத் தார் இறுகி, நெகிழ்வு போய் விரிசல் விடும். ஆனால் அதற்கு வருடக் கணக்கில் ஆகும். விரிசல் விட்ட ரோட்டை முடித்து வைக்கத் தண்ணீருக்கு ஒரு மழைக்காலம் போதும். ஜல்லிக்குத் தாரைவிடத் தண்ணீர் மேல்தான் பிரியம் அதிகம். விரிசலில் இறங்கிய தண்ணீர் மேலே டயர் அழுத்தும்போது போக வழியில்லாமல் ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே புகுந்து உரித்துவிடும். இன்னும் கீழே போய், தாருக்கு அடியில் ஜல்லியை இறுக்கிப் போட்ட வெட் மிக்ஸ் அடுக்கை ஊறவைத்தால் தாங்கும் வலுவே போய்விடும். உங்கள் சம்ப் பக்கம் நடந்திருப்பது அதுதான். அங்கே சீலர் அடிப்பது வீண்.

அதனால் முதல் செலவு தண்ணீர் போகும் வழிக்கு. இந்த வேலைக்குத் தார் ஒரு சொட்டுகூட வேண்டாம். ஒரு கயிறும் கொத்தனார் மட்டமும் எடுத்து வாட்டத்தைப் பாருங்கள். நம் பக்கத்து மழைக்கு மீட்டருக்கு 25 மி.மீ. சரிவு வேண்டும். 20 அடி ரோட்டில் நடுப்பகுதி ஓரத்தைவிட மூன்று அங்குலம் உயரமாக இருக்க வேண்டும். இருந்தும் குளம் கட்டுகிறதென்றால் ஓரத்தில் ஏதோ தடுக்கிறது. பெரும்பாலும் மூன்று காரணங்கள்: வீட்டுக்கு வீடு கார் ஏற்ற கட்டிய ராம்ப், ரோட்டைவிட உயரமாக மண் கொட்டிய பூச்செடிப் பாத்தி, அடைத்துக் கிடக்கும் மழைநீர்க் குழி. ராம்புக்கு அடியில் நாலு அங்குல பிவிசி குழாய் செருகியிருப்பார்கள், முதல் மழையிலேயே இலையும் பால் கவரும் அடைத்துக்கொள்ளும். அதை உடைத்து மேலே கம்பி மூடி போட்ட திறந்த வாய்க்காலாக மாற்றுங்கள். கமிட்டியில் சண்டை வரும். என் சர்வீஸில் பார்த்த வரை, தார் போடுவதைவிட ஒரு ராம்பை இடிப்பதுதான் கஷ்டமான வேலை.

அடுத்தது விரிசல். செப்டம்பர் முடிவதற்குள், தரை நன்றாகக் காய்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் அகலமானவற்றை கம்ப்ரசர் வைத்துத் தூசி போக ஊதிவிட்டு, எமல்ஷனும் (தண்ணீரில் கரைத்த தார்) கிரஷர் டஸ்ட்டும் (ஜல்லி உடைக்கும்போது வரும் கல்தூள்) குழைத்து நிரப்பி, மேலே கொஞ்சம் டஸ்ட் தூவுங்கள். எமல்ஷன் ஊற்றும்போது காப்பி நிறத்தில் இருக்கும், தண்ணீர் பிரிந்ததும் கறுக்கும். கறுக்கும்வரை வண்டி விடக்கூடாது. அன்றைக்கு மேகம் திரண்டால் டிரம்மைத் திறக்கவே வேண்டாம்.

சம்ப் பக்கத்தைச் சதுரமாக, பக்கச் சுவர் செங்குத்தாக நிற்கும்படி வெட்டி, ஊறிப்போனதை எல்லாம் எடுத்துவிட்டு அடியிலிருந்து கட்டவேண்டும். ஹாட் மிக்ஸ், அதாவது சூடாகக் கலந்த தார்-ஜல்லிக் கலவை வாங்கினால் கையில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். விஜி-30 ரகத் தார் என்றால் பிளான்ட்டில் 150 முதல் 165 டிகிரி வரை சூடு இருக்கும். உங்கள் தெருவில் விரிக்கும்போது 140க்குக் குறையக்கூடாது. 90க்கு இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிந்திருக்க வேண்டும். சின்ன வேலைக்கு அரை லோடு மேல்மருவத்தூர் பக்கமிருந்து தார்ப்பாய்கூட மூடாமல் வந்தால், அது வந்து சேரும்போதே ஆறிப்போயிருக்கும். ஆறிய கலவையை எவ்வளவு உருட்டினாலும் உள்ளே துளை நிற்கும், துளை வழியே தண்ணீர் போகும். தூறல் விழுந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். டிரைவர் கத்துவார், கத்தட்டும்.

இவ்வளவும் செய்து பணம் மிஞ்சினால், ஜல்லி பெயரும் இடங்களில் மட்டும் மெதுவாக இறுகும் எஸ்எஸ்-1 எமல்ஷனில் சம அளவு தண்ணீர் கலந்து, சதுர மீட்டருக்கு அரை முதல் ஒரு லிட்டர் தெளிக்கலாம். கமிட்டி ஆசைப்படும் கறுப்பு அதிலேயே கிடைத்துவிடும். பளபளப்பான சீலரை ரோடு முழுக்க அடித்தால் முதல் மழையில் ஸ்கூட்டிகள் சறுக்கும்.

சைட்_சூப்பர்வைசர்:
ஏஇ ஐயா சொன்னதோடு இன்னும் கொஞ்சம். பந்தல் கால் நட ரோட்டில் குழி போடவே விடாதீர்கள். மணல் நிரப்பிய டின்னில் மூங்கிலை நட்டாலும் பந்தல் நிற்கும். ஆயில் ஒழுகும் பழைய வண்டி ஒரே இடத்தில் நின்றால் தார் கரையும். அடியில் ஒரு தகரம் போடச் சொல்லுங்கள். மே மாதம் பைக் சைடு ஸ்டாண்டுக்குக் கீழே உடைந்த டைல்ஸ் ஒன்று வைத்தால் குழியாகாது. தார் மேலே கசிந்து மினுக்கினால் கிரஷர் டஸ்ட் தூவிவிடுங்கள், மேலே இன்னும் தார் ஊற்றாதீர்கள்.

லேஅவுட்_செயலாளர்:
ரொம்ப நன்றி, எல்லோருக்கும். ஏஇ ஐயா, இன்னும் இரண்டு கேள்வி. பிளாஸ்டிக் கலந்த ரோடு போட்டால் தண்ணீர்த் தொல்லையே இல்லை என்று ஒரு உறுப்பினர் விடாமல் சொல்கிறார். அப்புறம், அந்த டாங்கர் தினமும் வந்தே ஆக வேண்டும், 12,000 லிட்டர் வண்டி. பேட்ச் போட்டாலும் அங்கே நிற்குமா?

ஓய்வு_ஏஇ:
பிளாஸ்டிக் ரோடு நல்ல முறைதான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வாசுதேவன் ஐயா கண்டுபிடித்தது, 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002லேயே போட்டார்கள். சூடான ஜல்லி மேல் பிளாஸ்டிக் உருகிப் படிந்துவிடுவதால் தாரும் ஜல்லியும் சீக்கிரம் பிரியாது. புது ரோடு போடும் நாளில் கேட்டு வாங்குங்கள். ஆனால் குளம் கட்டுகிற தெருவை அதுவும் காப்பாற்றாது, வாட்டம்தான் காப்பாற்றும்.

டாங்கருக்கு வருகிறேன். தண்ணீர் மட்டுமே 12 டன், வண்டி எடை தனி. அச்சில் ஏறும் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு ஆகும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிப் பார்த்த சோதனையில் வந்த கணக்கு இது. உங்கள் தெருவில் நாள் முழுக்க ஓடும் கார்கள் எல்லாம் சேர்ந்தும் அந்த ஒரு லாரி செய்வதைச் செய்யாது. போதாததற்கு வால்விலிருந்து தண்ணீர் ஒழுகும், மே மாதச் சூட்டில் நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பித் தாரைக் கிழிப்பார்கள்.

அந்த இடத்துக்குத் தாரே வேண்டாம். லாரி முழுதாக நிற்கும் நீளத்துக்கு 200 மி.மீ. கனத்தில் காங்கிரீட் போட்டு, வாய்க்கால் பக்கம் வாட்டம் கொடுத்துவிடுங்கள். தாரும் காங்கிரீட்டும் சேரும் கோட்டில் விரிசல் வரும், அதை வருடா வருடம் மழைக்கு முன் அடைத்துவிட வேண்டும். ஊற்றிய பிறகு 28 நாள் லாரி அதன் மேல் ஏறக்கூடாது. அதுவரை வெளியே நிறுத்தி நீளக் குழாய் போட்டு சம்ப்பை நிரப்ப டாங்கர்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள், கூடுதலாக ஏதாவது கேட்பார்.